பரணில் வௌவால்: முதலில் அடைத்தது என் தவறு

நேற்று மாலை, வௌவால்கள் வெளியேறுவதற்காக மேற்குச் சுவரில் மாட்டியிருந்த கடைசிக் குழாயைக் கழற்றி, அந்த ஓட்டையையும் அடைத்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கினேன். பரணில் இப்போது ஒரு வௌவால்கூட இல்லை. முதல் நாளிலிருந்து கணக்குப் போட்டால் 11 வாரம் ஆகியிருக்கிறது. அதில் கை வேலை 30 மணி நேரத்தைத் தாண்டாது. மீதி எல்லாம் காத்திருப்பு. காத்திருக்கப் பொறுமையில்லாத முதல் வாரத்தில்தான் எங்கள் ஆறு வயது மகனுக்கு ரேபிஸ் தடுப்பூசி போட வேண்டிய நிலை வந்தது. அதை விட்டுவிட்டுக் குழாயையும் வலையையும் மட்டும் எழுதினால் இந்தப் பதிவால் யாருக்கும் பயனில்லை. அதனால் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எங்களுடையது சாய்வுக் கூரை. அதற்கும் அறைகளின் பலகை சீலிங்குக்கும் நடுவே, ஆள் குனிந்து போகும் உயரத்துக்குப் பரண். ராத்திரியில் மேலே கீச்சுச் சத்தம் கேட்டதும் எலி என்றுதான் நினைத்தேன். ஏறிப் பார்த்தபோது முகட்டுக் கட்டைக்குக் கீழே கறுப்பாகப் புழுக்கை குவிந்திருந்தது. எலிப்புழுக்கை காய்ந்தால் கல் மாதிரி இருக்கும். இதைக் காகிதத்தில் வைத்துக் குச்சியால் அழுத்தினேன், பொடிப்பொடியாக உதிர்ந்தது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் அந்தப் பொடியில் பூச்சி இறக்கைத் துணுக்குகள் மினுமினுத்தன. பூச்சி தின்னும் வௌவால் என்று அப்போதே உறுதியாகிவிட்டது.

முதலில் பாச்சை உருண்டை போட்டேன். துணிப் பையில் கட்டி ஆறு இடத்தில் தொங்கவிட்டேன். மூன்று நாளில் வாடை படுக்கையறைக்கே இறங்கிவிட்டது, வௌவால்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அப்புறம் பரணில் ராத்திரி பகலாக ஒரு விளக்கை எரியவிட்டேன். அவை வெளிச்சம் படாத மூலைக்கு நகர்ந்துகொண்டன, அவ்வளவுதான். இந்த இரண்டையும் யாரும் முயன்று பார்க்க வேண்டாம். பாச்சை உருண்டையின் ஆவி குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு நல்லதும் அல்ல.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய தப்பு. ஒரு மாலை வெளியே நின்று பார்த்தேன். கிழக்கு இறவாணத்தின் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பறந்து போயின. 34 எண்ணினேன். ஒரு கால் மணி நேரம் எதுவும் வரவில்லை. எல்லாம் போய்விட்டன என்று முடிவு செய்து, ஏணி போட்டு, விரியும் ஃபோமை அடித்து அந்த இடுக்கை அடைத்துவிட்டேன். ஒரே ஒரு மாலை, ஒரே ஒரு பக்கம் பார்த்ததை நம்பி அடைத்தேன். உள்ளே எத்தனை மிச்சம் இருக்கின்றன, வேறு வழி இருக்கிறதா என்று எதையும் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் விடியற்காலை மகன் அறையில் மின்விசிறியைக் குறைக்கப் போனேன். திரைச்சீலையின் மடிப்பில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், கட்டைவிரல் நீளத்துக்குப் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. காய்ந்த இலை என்று நினைத்துக் குனிந்தேன். அது வாயைத் திறந்தது. ஊசி முனை மாதிரிப் பற்கள், அசையும் காது, துணியைப் பற்றியிருந்த பெருவிரல் நகம். மகனின் கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் திரைச்சீலைக்கும் கைக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்தால் அதிகம். வெளியே போகும் வழி அடைபட்டதால், சீலிங் விளக்கின் ஒயர் வரும் ஓட்டை வழியாக அது அறைக்குள் இறங்கியிருக்கிறது.

பதற்றத்தில் ஜன்னலைத் திறந்து, துண்டை வீசி அதை வெளியே விரட்டினேன். அது பறந்து போனதும் நிம்மதியாகக்கூட இருந்தது. மனைவிதான், "எதுக்கும் டாக்டரைக் கேட்டுரலாம்ங்க" என்றாள்.

மருத்துவர் மூன்று கேள்வி கேட்டார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தானா? அறைக் கதவு சாத்தியிருந்ததா? வௌவால் எங்கே?

முதல் இரண்டுக்கும் ஆமாம் என்றேன். மூன்றாவதற்கு என்னிடம் பதில் இல்லை. வௌவால் கையில் இருந்திருந்தால் அதன் மூளையைச் சோதித்து, ரேபிஸ் இல்லை என்று தெரிந்தால் ஊசியே தேவைப்பட்டிருக்காது. பெரும்பாலான வௌவால்களுக்கு இந்த நோய் இருப்பதில்லை. ஆனால் எதற்கு இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதன் பல் அவ்வளவு சிறியது. கடித்த இடம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம், தூங்குகிற குழந்தை விழிக்காமலும் இருக்கலாம். மகனைத் தலை முதல் கால் வரை பார்த்தோம், ஒரு கீறலும் இல்லை. "கீறல் இல்லைங்கிறதை வைத்து விட்டுவிட முடியாது" என்றார் மருத்துவர். ரேபிஸில் அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது ஏறக்குறைய இல்லை. அதனால் அறிகுறிக்காகக் காத்திருக்கும் பேச்சே இல்லை.

அன்றைக்கே முதல் ஊசி. கூடவே எடைக்கு ஏற்ற அளவில் இம்யூனோகுளோபுலின், அதாவது தயாராக இருக்கும் எதிர்ப்பொருள். தடுப்பூசிக்கு உடல் தானாக எதிர்ப்பொருள் உண்டாக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். அந்த இடைவெளியை இதுதான் காக்கும் என்று விளக்கினார். முதல் ஊசி போட்ட நாளைப் பூஜ்யமாக வைத்து, 3, 7, 14 ஆகிய நாட்களில் மற்ற மூன்றும் போட்டார்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பெரியவர்கள் சொல்வது பழைய காலத்துத் தடுப்பூசி. இப்போது புஜத்தில்தான், சின்னக் குழந்தைக்கு என்றால் தொடையில். மகன் இரண்டாவது ஊசிக்குக் கொஞ்சம் அழுதான், மற்றவற்றுக்கு அழவில்லை. நான் துண்டால் விரட்டினேனே தவிர வௌவால் என் மேல் படவில்லை என்று உறுதியாகச் சொன்னதால் எனக்கு ஊசி தேவைப்படவில்லை. வீட்டு நாய்க்குத் தடுப்பூசி தேதி தாண்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அதையும் அன்றே முடித்தோம். உலகில் மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாயிடமிருந்துதான் வருகிறது. வௌவாலைப் பார்த்துப் பயந்துவிட்டு நாயின் ஊசியை மறந்தால் என்ன அர்த்தம்?

கடி கண்ணுக்குத் தெரிந்திருந்தால் அங்கேயே செய்ய வேண்டிய ஒன்று உண்டு. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். ரேபிஸ் வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். 15 நிமிடம் என்பது எவ்வளவு நேரம் என்று ஒருமுறை கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். நாம் வழக்கமாகக் கை கழுவுகிற நேரம் அதில் ஓரத்துக்குக்கூட வராது.

அன்று மாலையே ஃபோமைக் கத்தியால் அறுத்து எடுத்தேன். இருட்டியதும் அந்த இடுக்கிலிருந்து வௌவால்கள் வரிசையாக வெளியே வந்தன. எத்தனை உள்ளே மாட்டியிருந்தன என்று பார்க்கப் பார்க்க வயிற்றைப் பிசைந்தது.

அதன் பிறகு வேலையை முதலிலிருந்து, வரிசை மாற்றித் தொடங்கினேன். காட்டுயிர் மீட்பில் இருக்கும் ஒருவர் வந்து பரணைப் பார்த்தார். முகட்டுக் கட்டை ஓரம் ரோமமே இல்லாத குட்டிகள் தொங்கின. "இப்போ வெளியே தள்ளினா தாய் மட்டும்தான் போகும். குட்டி உள்ளே செத்துரும். தாய் குட்டியைத் தேடி எந்த ஓட்டை வழியாவது உள்ளே வரப் பார்க்கும்" என்றார். குட்டிகள் எல்லாம் பறக்கும்வரை வெளிப்பக்கத்தைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பல நாடுகளில் வௌவாலும் அது தங்கும் இடமும் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. எதைத் தொடுவதற்கு முன்பும் உங்கள் ஊர் வனத்துறையை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஏழு வாரம் காத்திருந்தோம். அந்த நாட்களில் செய்தது, பரணுக்கும் அறைகளுக்கும் நடுவே இருந்த ஓட்டைகளை அடைத்தது. இதைத்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். பகலில் அறை விளக்குகளை எல்லாம் அணைத்து, திரை போட்டு, பரணில் ஒரு பலமான விளக்கை வைத்துவிட்டுக் கீழேயிருந்து பார்த்தேன். வெளிச்சம் கசிந்த இடமெல்லாம் ஓட்டை. 14 இடம் கிடைத்தது. ஒன்பது விளக்கு ஒயர் ஓட்டைகள், குளியலறைக் குழாய் போகும் இடத்தில் இரண்டு, பரண் மூடியைச் சுற்றி இரண்டு, சுவர் மூலையில் ஒன்று. ஒயர் ஓட்டைகளுக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு சிலிகான் சீலண்ட். குழாய் ஓட்டைக்கு முதலில் எஃகுக் கம்பிச் சுருளைத் திணித்து, மேலே சீலண்ட். பரண் மூடிக்கு ரப்பர் பட்டை. இதற்குப் பிறகு அறைக்குள் ஒரு வௌவாலும் வரவில்லை.

வெளிப்பக்கம் எண்ணும் வேலையையும் ஒழுங்காகச் செய்தோம். மனைவி கிழக்கே, நான் மேற்கே. நாற்காலி போட்டு, சூரியன் மறைந்து 15 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். மூன்று மாலை எண்ணினோம்: 61, 58, 63. நான் முதலில் பார்த்த 34 பாதிதான். மீதி மேற்குச் சுவரின் முக்கோணப் பகுதியில் இரண்டு ஓட்டை வழியாகப் போய்க்கொண்டிருந்தன. பகலில் பார்த்தால் தெரியாத அளவு சின்ன ஓட்டைகள். ஆனால் சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி மங்கலான கறை. வௌவால் உடம்பு உரசி உரசி ஏற்படுவது அது. கறையைத் தேடினால் வாசல் கிடைத்துவிடும். ஆறாவது வாரம் எண்ணியபோது 97. ஏழாவது வாரம் பரணில் ஏறிப் பார்த்தேன், பறக்காமல் தொங்கும் குட்டி ஒன்றுகூட இல்லை. மீட்பாளரும் சரி என்றார்.

வெளியேற்றத்தில் எல்லாம் ஒரே யோசனைதான்: வெளியே போகலாம், திரும்பி வர முடியாது. அதற்கு முன்பு வாசல்கள் மூன்றையும் விட்டுவிட்டு, கூரையைச் சுற்றி 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்த மற்ற இடுக்குகளை எல்லாம் அடைத்தேன். அதற்கு இரண்டு முழு நாள் ஆனது. நீள இடுக்குகளுக்குக் கம்பி வலை, சின்னதற்கு சீலண்ட்.

மேற்குச் சுவருக்குக் குழாய். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிவிசி குழாயை 25 சென்டிமீட்டர் நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டினேன். சுவரில் படும் முனையை லேசாகச் சாய்த்து வெட்டினால் குழாய் கீழ்நோக்கிச் சாய்ந்து நிற்கும். உள்பக்கம் வழவழப்பாக இருப்பதுதான் இதில் முக்கியம். வெட்டுப் பிசிறு மட்டும் போக உப்புத்தாள் போட்டேன், மற்ற இடத்தில் தொடவில்லை; கீறல் விழுந்தால் நகம் பற்றிக்கொள்ளும். குழாயின் வெளிமுனையில் மெல்லிய பாலிதீன் தாளை ஒரு சட்டைக் கை மாதிரி சுற்றி ஒட்டினேன். உள்ளிருந்து வருவது அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும், போனதும் அது தளர்ந்து மூடிக்கொள்ளும். குழாயைச் சுற்றி இருந்த இடைவெளியைக் கம்பி வலையால் மூடினேன்.

கிழக்கு இறவாணத்தில் இடுக்கு 2.4 மீட்டர் நீளம், குழாய் சரிப்படாது. அங்கே 4 மில்லிமீட்டர் கண்ணுள்ள நைலான் வலை. கண் பெரிதாக இருந்தால் இறக்கை மாட்டிக்கொள்ளும். இடுக்குக்கு 10 சென்டிமீட்டர் மேலே தொடங்கி 60 சென்டிமீட்டர் கீழே வரை தொங்கவிட்டு, மேல்பக்கமும் இரண்டு ஓரமும் ஸ்டேபிள் அடிக்க வேண்டும், கீழ்ப்பக்கம் திறந்திருக்க வேண்டும். நான் வலை காற்றில் ஆடக் கூடாது என்று இழுத்துப் பிடித்து விறைப்பாக அடித்துவிட்டேன், கீழ் மூலைகளிலும் இரண்டு இரண்டு ஸ்டேபிள் போட்டேன். அன்று மாலை பார்த்தால், வலைக்கும் சுவருக்கும் நடுவே வௌவால்கள் ஊர்கின்றன, கீழே வழி இல்லாமல் மேலே திரும்புகின்றன. இருட்டில் ஏணி ஏறி, தோல் கையுறையோடு கீழ் ஸ்டேபிள்களைப் பிடுங்கி, வலையைச் சுவரிலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் தளர்த்திவிட்டேன். இறங்குவதற்குள் முதல் வௌவால் சுவரோடு ஊர்ந்து கீழ் விளிம்புக்கு வந்து, கையை விட்டது மாதிரி விழுந்து, இடுப்பளவு உயரத்தில் இறக்கையை விரித்துப் போய்விட்டது. அப்புறம் மற்றவை.

மேற்கே குழாய்ப் பக்கம் சத்தத்திலேயே தெரிந்தது. பிளாஸ்டிக்கில் நகம் வழுக்கும் கரகர சத்தம், ஒரு நொடி அமைதி, பாலிதீன் சலசலப்பு, ஒரு நிழல். மறுநாள் விடியலில் திரும்பி வந்தவை பழைய வாசலைச் சுற்றிச் சுற்றி வட்டமடித்தன. சில குழாயின் மேல் உட்கார்ந்து பார்த்தன. ஒன்றாலும் உள்ளே போக முடியவில்லை. 20 நிமிடத்தில் மரங்கள் பக்கம் போய்விட்டன. முதல் இரவு வெளியே போனது 71. இரண்டாம் இரவு 19, மூன்றாம் இரவு 6. நான்காம் இரவு மழை, ஒன்றும் வெளியே வரவில்லை. அந்த நாளைக் கணக்கில் சேர்க்கவில்லை. கடைசியாக ஒன்று வந்தது ஆறாம் இரவு. அதன் பிறகு தொடர்ந்து மூன்று வறண்ட இரவு பூஜ்யம் வந்ததும், பரணுக்குள் ஒருமுறை முழுக்கத் தேடிவிட்டுத்தான் வலையைக் கழற்றி அடைத்தேன். மேற்குக் குழாய்களை இன்னும் சில நாள் விட்டு வைத்து, ஒன்றை முதலிலும் மற்றதை நேற்றும் எடுத்தேன்.

புழுக்கையைச் சுத்தம் செய்வதை இடையில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முடித்தேன். காய்ந்த வௌவால் எச்சத்தில் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை வளரக்கூடும். தூசியாகி மூச்சில் போனால் நுரையீரலைப் பாதிக்கும். அதனால் துடைப்பம் போடவே இல்லை. கைத் தெளிப்பானால் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, சட்டியில் வழித்து, இரட்டைப் பையில் கட்டினேன். ஒன்பது பை வந்தது. மூக்கு வாய் மூடும் வடிகட்டி முகமூடி, கண்ணாடி, கையுறை, தூக்கிப் போடக்கூடிய மேலாடை. பரண் சூட்டில் அதை எல்லாம் போட்டுக்கொண்டு 40 நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. நான்கு தவணையாகச் செய்தேன்.

செலவில் பெரியது சீலண்டும் கம்பி வலையும். 11 சீலண்ட் குழாய் தீர்ந்தது, நான் வாங்க நினைத்தது நாலு. ஆனால் எல்லாப் பொருளையும் சேர்த்தாலும் மகனுக்குப் போட்ட இம்யூனோகுளோபுலினுக்கு ஆனதில் பாதிகூட வராது. வேலையை வரிசையாகச் செய்திருந்தால் அந்தச் செலவும் அந்த இரண்டு வாரப் பயமும் இருந்திருக்காது.

மறுபடி செய்ய நேர்ந்தால் அறைப்பக்க ஓட்டைகளை முதல் நாளே அடைப்பேன், வெளிப்பக்கத்தைக் கடைசியில்தான் தொடுவேன். முதல் வாரமே இரண்டு பேராக மூன்று மாலை எண்ணுவேன். வலையைத் தொங்கவிட்ட அன்றே மாலை வரை ஏணியைக் கழற்ற மாட்டேன். சீலண்டில் சுவர் நிறத்திலேயே வாங்குவேன். நான் போட்ட வெள்ளை தெருவிலிருந்தே தெரிகிறது.

கூடத்து அலமாரியில் இப்போது ஒரு பெட்டி இருக்கிறது. தடித்த தோல் கையுறை, ஒரு சாண் அகலமுள்ள மூடியில் துளையிட்ட டப்பா, கெட்டி அட்டை, டேப். இனி வீட்டுக்குள் வௌவால் வந்தால் ஜன்னலைத் திறக்க மாட்டேன். குழந்தையையும் நாயையும் வெளியே அனுப்பி, கதவைச் சாத்தி, அது எங்காவது உட்காரும்வரை காத்திருந்து, டப்பாவைக் கவிழ்த்து, அட்டையை அடியில் செருகி மூடிவிடுவேன். அந்த அறையில் யாராவது தூங்கினார்களா, யார் மேலாவது பட்டதா என்று கேட்டு, ஒரு சந்தேகமும் இல்லை என்றால்தான் வெளியே விடுவது. சந்தேகம் இருந்தால் டப்பாவோடு சுகாதாரத் துறைக்கு ஃபோன். அடித்துக் கொல்லக் கூடாது, முக்கியமாகத் தலை நசுங்கக் கூடாது. சோதனைக்கு மூளை முழுதாக வேண்டும். மனைவியும் நானும் ஒரு உருட்டிய காலுறையை வௌவாலாக வைத்து இரண்டு முறை செய்து பார்த்தோம். மகனுக்கு ஒன்றே ஒன்றைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்: தரையில் கிடக்கும் வௌவாலைத் தொடாதே, அப்பாவைக் கூப்பிடு. பகலில் தரையில் கிடந்து பறக்க முடியாமல் இருக்கும் வௌவால் நோயுற்றதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வீட்டிலிருந்து தள்ளி, தோட்டத்துக் கடைசியில் நாலு மீட்டர் கம்பத்தில் ஒரு வௌவால் பெட்டி மாட்டினேன். சொரசொரப்பான பலகை, உள்ளே இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு தடுப்பு, கீழ்ப்பக்கம் திறப்பு. மாட்டி மூன்று வாரமாக எதுவும் வரவில்லை. நேற்று ஏணியை எடுத்து வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனபோது கம்பத்தடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஏழெட்டுப் புழுக்கை கிடந்தது.